200 கேமராக்களின் பதிவை எங்கே வைப்பது? என்விஆர், சொந்த சர்வர், கிளவுட்: ஓர் ஒப்பீடு

பொறியியல் கல்லூரி, பெரிய மருத்துவமனை, நூற்பாலை என எதுவாக இருந்தாலும், பழைய டிவிஆர்களைக் கழற்றிவிட்டு 200 ஐபி கேமராக்களுக்கு மாறும்போது நிர்வாகத்தின் மேசைக்குப் பெரும்பாலும் மூன்று விதமான கொட்டேஷன்கள் வருகின்றன. முதலாவதில் நான்கு என்விஆர் பெட்டிகள், அதாவது கேமராப் படங்களை நெட்வொர்க் வழியாக வாங்கித் தன் டிஸ்க்கில் பதியும் பெட்டிகள், இருக்கும். அடுத்ததில் இரண்டு சர்வர்கள், விஎம்எஸ் எனப்படும் மேலாண்மை மென்பொருள், கேமராவுக்குக் கேமரா லைசென்ஸ். மூன்றாவதில் கேமராவைத் தவிர பொருள் என்று பெரிதாக எதுவும் இருக்காது. மாதச் சந்தா மட்டும். மூன்றின் கடைசி வரித் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவு கிடைக்காது. ஒவ்வொன்றும் தன் செலவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆண்டில் வைத்திருக்கிறது.

கேமராவின் மெகாபிக்சலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நிர்வாகங்கள், மூன்று வாரத்துக்கு முந்தைய காட்சி ஒன்றைக் கேட்டால் அதை எடுத்துத் தரப்போவது யார் என்று கேட்பதில்லை. இந்த ஒப்பீட்டில் அந்தக் கேள்விக்கே முதல் எடை. கணக்குக்காக ஒரே வளாகம், நான்கு கட்டடங்கள், 200 கேமராக்கள், 30 நாள் பதிவு என்று வைத்துக்கொள்வோம்.

## முதலில் அளவுகோல்கள்

எவ்வளவு டிஸ்க் வேண்டும். ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) வேகத்தில் 24 மணி நேரம் பதிவு செய்தால் 10.8 ஜிபி. இந்த ஒரு எண் போதும், மீதியைப் பெருக்கிக்கொள்ளலாம். எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையில் ஒரு கேமராவுக்கு சராசரி 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி, 200 கேமராவுக்கு 4.32 டிபி, 30 நாளுக்கு 129.6 டிபி. அதே கேமராவை 4 எம்பிபிஎஸ்-இல் வைத்தால் 259 டிபி. கொட்டேஷனில் டிஸ்க் அளவு குறைவாகத் தெரிந்தால், அதைத் தந்தவர் எந்த பிட்ரேட்டை (கேமரா நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) வைத்துக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்ற அனுமானத்தில் பாதியாகக் குறைத்திருப்பார்கள். மரக்கிளை ஆடும் வாசலிலும், இரவில் பூச்சி பறக்கும் அகச்சிவப்பு விளக்கின் முன்னாலும் அந்த அனுமானம் நிற்காது.

எத்தனை நாள். இதை விருப்பப்படி முடிவு செய்ய முடியாத இடங்கள் உண்டு. சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு 2025 ஜூலையில் விதித்தது குறைந்தது 15 நாள். காவல் நிலையங்களுக்கு 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு. பத்தே கேமரா உள்ள ஒரு காவல் நிலையத்துக்கு 18 மாதம் வைக்க ஏறக்குறைய 117 டிபி வேண்டும். நம்முடைய 200 கேமரா வளாகம் கேட்பதும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான். கேமரா எண்ணிக்கையை மட்டும் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

ஒரு பாகம் போனால் எத்தனை கேமரா இருளும். டிஸ்க், பெட்டி, ஸ்விட்ச், கட்டடங்களுக்கு இடையிலான ஃபைபர், இணைய இணைப்பு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

காட்சியை எடுப்பதும் நிரூபிப்பதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தர அதன் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணோடு) கூடிய சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவைத் தருபவரும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்புகிறார்கள். மானிட்டரைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது விசாரணைக்குத் துப்பு தரலாம். நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

யார் பார்த்துக்கொள்வார். பாஸ்வேர்டு மாற்ற, ஃபர்ம்வேர் எனப்படும் சாதனத்தின் உள்மென்பொருளை ஏற்ற, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயரும் பதவியும் இருக்கிறதா, அல்லது ‘வெண்டர் பார்த்துப்பார்’ என்பதுதான் ஏற்பாடா?

ஐந்தாண்டுச் செலவு. கேமராவும் டிஸ்க்கும் ஓரளவு சோர்வடையும் காலம் அது. ஓராண்டுக் கணக்கு போட்டால் கிளவுட் மலிவாகத் தெரியும். பத்தாண்டுக் கணக்கு போட்டால் சொந்த சர்வரை ஒரு முறை மாற்ற வேண்டிவரும்.

## மூன்றுக்கும் பொதுவான அடித்தளம்

எந்தப் பதிவு முறையைத் தேர்ந்தாலும் நெட்வொர்க் வேலை ஒன்றுதான். இது சரியில்லாமல் மேலே எதை வைத்தாலும் பயனில்லை.

பிஓஇ ஸ்விட்சில், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் ஸ்விட்சில், ஆரம்பிப்போம். 24 போர்ட் ஸ்விட்ச் என்று மட்டும் எழுதியிருந்தால் மொத்த பிஓஇ வாட் எவ்வளவு என்று கேளுங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 24 போர்ட்டுக்கும் முழுதாகத் தர 370 வாட் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் 190 வாட்தான் இருக்கும். பகலில் கேமரா 5 வாட் எடுக்கிறது, மொத்தம் 120, எல்லாம் ஓடுகிறது. மாலை ஆறரைக்கு அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் ஒவ்வொன்றும் 9 வாட் எடுக்கிறது, மொத்தம் 216. ஸ்விட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை அணைக்கிறது. அந்தக் கேமராக்கள் மறுபடி உயிர் பெற்று, விளக்கைப் போட்டு, மறுபடி அணைகின்றன. டெக்னீஷியன் பகலில் வந்து பார்த்தால் குறை எதுவும் தெரியாது. கேமராவை இரண்டு முறை மாற்றிவிட்டுத்தான் பல இடங்களில் ஸ்விட்ச் பக்கம் திரும்புகிறார்கள். சுழலும் பிடிஇசட் கேமராவுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி போர்ட்டாவது வேண்டும்.

கேபிளில் செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். முழுச் செம்பு கேட் 6, அதுவும் 100 மீட்டருக்குள். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு ஃபைபர் மட்டுமே. செம்புக் கேபிளை வெட்டவெளியில் இழுத்தால் அடுத்த கோடை இடியில் இரண்டு பக்க ஸ்விட்சும் போகும்.

அடுத்தது பிரிப்பு. கேமராக்கள் தனி விலானில் (அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) இருக்க வேண்டும், அந்த விலானிலிருந்து இணையத்துக்கு வழி இருக்கக் கூடாது (கிளவுட் பதிவென்றால் அந்தச் சேவைக்கு மட்டும்). பதிவு செய்யும் பெட்டி கேமராவை அடைய 554, 443 ஆகிய போர்ட்டுகள் போதும். கேமரா நேரம் கேட்க 123. மற்றதை ஃபயர்வாலில் மூடிவிடலாம். மொபைலில் பார்க்க வசதி என்று பி2பி, யுபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங் என வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் வசதிகளைத் திறந்துவிடுவதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும், மிக ஆபத்தான வேலை. முதல்வரோ மேலாளரோ வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்புள்ள விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாகப் பார்க்கட்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை அப்படியே விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபரில் டின் நிறுவனத்தின் பெயர்த்தீர்வுச் சேவையையே (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையையே) முடக்கியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாயின. அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததை எந்த நஷ்டஈட்டாலும் சரிசெய்ய முடியாது. பரிசோதனை அறை, உடைமாற்றும் இடம், விடுதி அறை ஆகியவற்றில் கேமராவே இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் ஃபயர்வால் பற்றிய பேச்சு.

நேரத்தையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். எல்லாக் கேமராவும் பெட்டியும் உங்கள் உள் என்டிபி (நேர ஒத்திசைவு) சர்வரைப் பார்க்க, அது தேசிய தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு இதையும், 180 நாள் பதிவேடுகளையும், பாதுகாப்புச் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பதையும் கேட்கிறது. வாசல் கேமராவும் பார்க்கிங் கேமராவும் ஏழு நிமிடம் முன்பின்னாக ஓடினால், ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிற்பது போன்ற காட்சி கிடைக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

கேமரா வாங்கும்போது மாடல் எண்ணோடு மத்திய அரசின் எஸ்டிக்யூசி ஆய்வகச் சோதனைச் சான்றையும் கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்கு இந்தப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதற்கு முந்தைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

## என்விஆர் பெட்டிகள்

200 கேமராவை நான்கு 64 சானல் பெட்டிகளாக, கட்டடத்துக்கு ஒன்றாகப் பிரிப்பது வழக்கம். பெட்டிக்கு 50 கேமரா; 30 நாளுக்கு 32.4 டிபி. எட்டு டிஸ்க் போடும் பெட்டியில் 8 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 6-இல் (இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தப்பும் அடுக்குமுறையில்) அடுக்கினால் 48 டிபி கிடைக்கும், தாராளம்.

இதன் பெரிய பலம், கட்டடங்களுக்கு இடையிலான ஃபைபர் அறுந்தாலும் ஒவ்வொரு கட்டடமும் தன் பதிவைத் தானே வைத்துக்கொள்ளும் என்பது. ஜேசிபி தோண்டிக்கொண்டே இருக்கும் வளாகங்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பெட்டி போனால் 50 கேமராதான் இருளும், 200 இருளாது. விண்டோஸ் லைசென்ஸ், தரவுத்தளம், தனி சர்வர் அறை எதுவும் வேண்டாம். ஓரளவு பயிற்சி உள்ள எலக்ட்ரீஷியனே டிஸ்க் மாற்றிவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு சானல் எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது. 64 சானல் பெட்டி என்றால் 64 கேமராவை எந்தத் தரத்திலும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. உள்வரும் வேக வரம்பு பல மாடல்களில் 320 அல்லது 384 எம்பிபிஎஸ். சில மாடல்களில் ரெய்டை இயக்கினால் அது இன்னும் குறைகிறது. 50 கேமரா, 2 எம்பிபிஎஸ் என்றால் 100 தான், கவலை இல்லை. யாரோ ஒருவர் ‘படம் தெளிவா இல்ல’ என்று எல்லாவற்றையும் 6 எம்பிபிஎஸ்-க்கு ஏற்றினால் 300, ரெய்டால் குறைந்த வரம்பை அது தாண்டிவிடலாம். அப்போது பெட்டி நின்றுவிடாது. ஆங்காங்கே பிரேம்களை விழுங்கும், அது காட்சியைத் தேடும் நாளில்தான் தெரியும். வெளிச்செல்லும் வேகத்துக்கும் தனி வரம்பு உண்டு. கட்டுப்பாட்டு அறையின் டிவி சுவருக்கு நேரடிக் காட்சியாகக் குறைந்த தரத்து சப் ஸ்ட்ரீமை மட்டும் அனுப்புங்கள்.

இரண்டாவது செலவு நிர்வாகத்தில். நான்கு பெட்டிக்கு நான்கு பயனர் பட்டியல்கள். காவல் மேற்பார்வையாளர் ஒருவர் வேலையை விட்டால் நான்கு இடத்தில் அவர் கணக்கை நீக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு இடத்தில் மறந்துபோகும். அந்த அலுப்பில் எல்லோரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தத் தொடங்குவார்கள், யார் எந்தக் காட்சியை எடுத்தார் என்பதற்கு ஆதாரமே இருக்காது. வேறு பிராண்ட் கேமராவை ஆன்விஃப் என்ற பொதுத் தரத்தின் வழியாக இணைத்தால் படம் வரும், ஆனால் அசைவறிதல், கோடு தாண்டல் போன்ற வசதிகள் பாதி வேலை செய்யாது. ஆக, பெட்டி வாங்கிய பிராண்டிலேயே கேமராவும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபர்ம்வேரையும் கவனிக்க வேண்டும். 2021-இல் வெளியான சிவிஇ-2021-36260 என்ற ஓட்டை, ஹிக்விஷன் கேமராக்களைப் பாஸ்வேர்டே இல்லாமல் கைப்பற்ற வழி தந்தது. அதன் தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. கேமராவானாலும் பெட்டியானாலும், ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்ததும் ஒவ்வொன்றாகப் போய் ஏற்றும் வேலைக்கு ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் லென்ஸ் துடைப்பது இருக்கும், ஃபர்ம்வேர் இருக்காது.

பெட்டியை வாசல் காவலறை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். திருட வந்தவர் முதலில் தூக்கிப் போவது அதைத்தான். பூட்டுள்ள ரேக், தனி யுபிஎஸ், வேறு அறை.

நூறு கேமராவுக்குள், ஒரே பிராண்டில், முழுநேர ஐடி ஆள் இல்லாத இடத்துக்கு இதுவே சரி. கட்டடங்கள் தூரமாகவும் இணைப்பு பலவீனமாகவும் இருந்தால் 200 கேமராவுக்கும் சரிதான், பயனர் கணக்குகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஒருவரை எழுத்தில் நியமித்தால்.

## சொந்த சர்வரும் விஎம்எஸ் மென்பொருளும்

இங்கே பதிவு செய்வது சாதாரண சர்வர். அதன் மேல் மைல்ஸ்டோன் எக்ஸ்ப்ரொடெக்ட், ஜெனிடெக் செக்யூரிட்டி சென்டர் போன்ற மென்பொருள் ஓடும். கேமரா எந்த பிராண்டாகவும் இருக்கலாம். 200 கேமராவுக்கும் ஒரே பயனர் பட்டியல், ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைந்தது. ஆள் போனால் கணக்கு ஒரே இடத்தில் மூடப்படும். யார் எப்போது எந்தக் காட்சியைப் பார்த்தார், ஏற்றுமதி செய்தார் என்ற தணிக்கைப் பதிவேடு இருக்கும். காட்சியைத் தேடுபவர் வரைபடத்தில் கேமராவைத் தொட்டு, பக்கத்துக் கேமராவுக்கு அதே நொடியில் தாவலாம். நான்கு பெட்டியில் மாறி மாறி உள்நுழைய வேண்டியதில்லை. மூல வடிவத்தில், டிஜிட்டல் கையொப்பத்தோடு ஏற்றுமதி செய்துவிட்டு அந்தக் கோப்புக்கு ஷா-256 ஹாஷ் எடுத்து எழுதிவைத்தால் 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கு வேண்டியது கையில் இருக்கும். அதையே ஏவிஐ கோப்பாக மாற்றினால் அந்தக் கையொப்பம் போய்விடும்.

டிஸ்க் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது பணத்தை மிச்சப்படுத்தும். 129.6 டிபி-ஐ ஒரே சர்வரில் பன்னிரண்டு 16 டிபி டிஸ்க்கில் அடைக்கலாம். ரெய்டு 6-இல் 160 டிபி கிடைக்கும். கொட்டேஷனில் அழகாகத் தெரியும். ஆனால் ஒரு டிஸ்க் போனால் புதியதில் 16 டிபி-ஐ மறுபடி கட்ட வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் 44 மணி நேரம். பதிவும் கூடவே நடப்பதால் உண்மையில் இரண்டு மடங்கு ஆகலாம். அந்த நாட்கள் முழுக்க மற்ற டிஸ்க்குகள் உச்ச உழைப்பில், ஒரே தொகுப்பில் தயாரான, ஒரே வயதுடைய டிஸ்க்குகளாக ஓடும். இன்னொன்று போக அதைவிட ஏற்ற நேரம் கிடையாது. ஒரே டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 இந்த அளவுக்கு வேண்டவே வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான்.

எழுதும் அளவையும் கணக்கிடுங்கள். சாதாரண கண்காணிப்பு டிஸ்க்குகள் ஆண்டுக்கு 180 டிபி வேலைக்கு மதிப்பிடப்பட்டவை. உயர்ரகம் 550 டிபி. 30 நாள் பதிவில் ஒரு டிஸ்க் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை முழுதாக அழித்து எழுதப்படுகிறது. 16 டிபி டிஸ்க் நிரம்பி ஓடினால் 195 டிபி ஆகிறது, 180 டிபி ரகத்தின் வரம்பைத் தாண்டிவிடும். டெஸ்க்டாப் டிஸ்க்கைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் 100 கேமரா, பன்னிரண்டு 8 டிபி டிஸ்க், ரெய்டு 6 என்ற அமைப்பே இந்த அளவுக்குப் பொருத்தம். ஒரு சர்வருக்கு 80 டிபி இடம், 64.8 டிபி தேவை. கணினித் திரையில் 72.8 என்று காட்டும். அது இரும எண்ணிக்கை, டிஸ்க் தொலைந்துபோகவில்லை. மறுகட்டமைப்பு நேரம் பாதியாகிறது. ஒரு சர்வர் நின்றால் மற்றது அந்த 100 கேமராவையும் நாட்களைக் குறைத்து ஏற்றுக்கொள்ளும்படி ஃபெயில்ஓவர் அமைக்கலாம், மென்பொருளின் அந்தப் பதிப்பில் அந்த வசதி இருந்தால். விலை குறைந்த பதிப்புகளில் இருக்காது. கொட்டேஷனில் பதிப்பின் முழுப்பெயரைப் படியுங்கள்.

ஃபைபர் அறுவதற்கு இங்கே மாற்று, கேமராவுக்குள் போடும் மெமரி கார்டு. இணைப்பு போனபோது கேமரா தன் கார்டில் எழுதி, திரும்பியதும் சர்வருக்குக் கொடுத்துவிடும். 128 ஜிபி கார்டில் 2 எம்பிபிஎஸ் பதிவு ஆறு நாள் போல நிற்கும். கார்டு இடைவிடாத எழுத்துக்கு ஏற்ற ரகமாக இருக்க வேண்டும். செல்போன் கார்டு வெயிலில் ஒரு கோடையைத் தாண்டுவதே கடினம்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். கேமரா லைசென்ஸ் ஒரு முறை வாங்குவதாகச் சொல்வார்கள். புதிய பதிப்புக்கு ஆண்டுக் கட்டணம் தனி. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் தனி. பார்க்கும் கணினிகளுக்கு எச்.265-ஐ விரிக்க கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் 16 காட்சியைத் திறந்ததும் திணறும். அந்தக் கணினிகள் இன்னும் விண்டோஸ் 10-இல் ஓடினால், வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சர்வர் 500 வாட் எடுத்தால் ஆண்டுக்கு 4,380 யூனிட். இரண்டுக்கும் சேர்த்து, யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 70,000 ரூபாய், ஏசி சேராமல். ஆன்டிவைரஸ் பதிவுக் கோப்புறையைச் சோதிக்க ஆரம்பித்தால் பதிவு விட்டுப்போகும். மென்பொருள் நிறுவனம் தரும் விலக்குப் பட்டியலை ஐடி பிரிவு போட்டாக வேண்டும். அதே சமயம் ஆன்டிவைரஸையே எடுத்துவிடுவது தவறு. ரான்சம்வேர் வந்தால் விண்டோஸ் சர்வர் பாதிக்கப்படும் வாய்ப்பு என்விஆர் பெட்டியைவிட அதிகம், மேலாண்மை சர்வரின் உள்ளமைவு பேக்கப் வேறு இடத்தில் இருக்க வேண்டும். பதிவே அழியாவிட்டாலும் எந்தக் கேமரா எங்கே என்ற உள்ளமைவு போனால் 200 கேமராவையும் முதலிலிருந்து சேர்க்க நாட்கள் பிடிக்கும்.

ஆக, வாரத்தில் சில மணி நேரமாவது இதற்கென ஒதுக்கக்கூடிய ஐடி ஆள் இருக்கும், 100 கேமராவுக்கு மேல் உள்ள ஒரே வளாகத்துக்கு இதுதான் சிறந்தது. ஆள் இல்லாமல் வாங்கினால் மூன்றிலும் மோசமானது இதுதான். இரண்டாம் ஆண்டில் ஒரு சர்வரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

## கிளவுட் பதிவு

200 கேமரா, 2 எம்பிபிஎஸ் என்றால் 400 எம்பிபிஎஸ் மேல்நோக்கி, இரவு பகலாக. ஒரு மாதத்தில் 129.6 டிபி. ‘500 எம்பிபிஎஸ் வரை’ என்று விற்கும் சாதாரண இணைப்பு இதற்கு ஆகாது. வேகத்துக்கு உத்தரவாதம் உள்ள லீஸ்டு லைன் வேண்டும், அது அறுந்தால் மாற்ற வேறு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு, வேறு வழியில் வரும் ஃபைபரில் வேண்டும். ஒரே வளாகத்தில் 200 கேமராவுக்கு முழு கிளவுட் பதிவை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கணக்கு இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் அதே 200-க்கும் மேற்பட்ட கேமராக்கள் 60 கிளைகளில், கிளைக்கு நான்காக இருந்தால் கதை வேறு. மருந்துக்கடைச் சங்கிலி, நகைக்கடன் கிளைகள் போன்றவற்றில் ஒரு கிளைக்கு 8 எம்பிபிஎஸ் போதும், சாதாரண ஃபைபர் இணைப்பே தாங்கும். அங்கே ஐடி ஆள் கிடையாது, பூட்டிய சர்வர் அறை கிடையாது, திருடன் டிவிஆரைத் தூக்கிப்போவதுதான் நிஜமான பயம். அவன் பெட்டியை உடைத்தாலும் அந்த நொடி வரையிலான காட்சி வெளியே போய்விட்டது. தலைமை அலுவலகத்தில் ஒருவர் 60 கிளையையும் ஒரே திரையில் பார்க்கிறார். இந்த இடத்தில் மற்ற இரண்டு முறையும் கிளவுட்டுக்கு அருகில் வர முடியாது.

சந்தாவைக் கணக்கிட ஒரு வழி: 200 கேமரா, 60 மாதம், மொத்தம் 12,000 கேமரா மாதங்கள். கேமராவுக்கு மாதம் 100 ரூபாய் கூடினால் ஐந்தாண்டில் 12 லட்சம் கூடும். விலை உயர்வுக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருக்க வேண்டும். சந்தா நின்றால் கேமரா வேறு மென்பொருளோடு வேலை செய்யுமா என்று எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்களின் கேமராக்கள் அந்தச் சேவை இல்லாமல் வெறும் டப்பா.

பாதுகாப்பில் கிளவுட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பேட்ச் தானாக வருகிறது, யாரும் மறப்பதில்லை. ஆனால் எல்லா வாடிக்கையாளரின் கதவும் ஒரே சாவிக்கொத்தில். 2021 மார்ச்சில் வெர்காடா நிறுவனத்தின் உயர்நிலை நிர்வாகக் கணக்கு ஒன்று வெளியாட்களின் கையில் சிக்கியதும், மருத்துவமனை, பள்ளி, சிறை என ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சேவை நிறுவனத்தின் ஊழியர் உங்கள் காட்சியைப் பார்க்க முடியுமா, பார்த்தால் உங்களுக்குத் தெரியுமா, தரவு இந்தியாவில் உள்ள மையத்தில் இருக்குமா ஆகிய மூன்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் வர வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் கீழ், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் வரலாம். தரவை வேறொருவரிடம் வைத்திருக்கிறோம் என்பதால் பொறுப்பு அவருக்கு மாறிவிடாது.

ஒரே வளாகத்துக்குக் கலப்பு முறை ஒன்று உண்டு: முழுப் பதிவும் உள்ளேயே, வாசல், பணம் எண்ணும் அறை, மருந்துக் கிடங்கு, சர்வர் அறை ஆகிய பத்துப் பன்னிரண்டு கேமராக்கள் மட்டும் வெளியிலும். 12 கேமராவுக்கு 24 எம்பிபிஎஸ். தீ விபத்து, சர்வர் திருட்டு இரண்டுக்கும் இது போதுமான காப்பு.

## பக்கத்தில் பக்கத்தில்

| | என்விஆர் | சொந்த சர்வர் + விஎம்எஸ் | கிளவுட் |
|---|---|---|---|
| ஒரு பெட்டி நின்றால் | 50 கேமரா | 100 கேமரா. ஃபெயில்ஓவர் இருந்தால் எதுவும் இல்லை | பாதிப்பு இல்லை |
| உள் ஃபைபர் அறுந்தால் | பதிவு தொடரும் | கேமராவில் கார்டு இருந்தால் தொடரும் | கார்டு இருந்தால் தொடரும் |
| இணையம் போனால் | பாதிப்பு இல்லை | பாதிப்பு இல்லை | பதிவு நிற்கும் அல்லது கார்டுக்குப் போகும் |
| பேட்ச் | பெட்டிக்குப் பெட்டி, கையால் | ஐடி பிரிவு | தானாக |
| பழைய காட்சியை எடுப்பது | எந்தப் பெட்டி என்று தெரிந்தால் எளிது | மிக எளிது | எளிது. பெரிய கோப்பு மெதுவாக இறங்கும் |
| பிராண்ட் கட்டுப்பாடு | ஓரளவு | மிகக் குறைவு | அதிகம் |
| செலவு விழும் இடம் | முதலாண்டு, பிறகு டிஸ்க் | முதலாண்டு, லைசென்ஸ் ஆண்டுக் கட்டணம், ஆள் | ஒவ்வொரு மாதமும் |

## ஆர்டரில் எழுத வேண்டியவை

எதைத் தேர்ந்தாலும், கடைசி 10 சதவீதப் பணத்தைச் சோதனை முடியும்வரை நிறுத்திவைக்கும் வரி பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கட்டும். சோதனையை நிறுவி முடித்த அன்றே செய்ய முடியாது. 30 நாள் பதிவு நிரம்ப 30 நாள் வேண்டும். 35-ஆம் நாள் செய்யுங்கள்.

அன்று உங்கள் ஆள், வெண்டரின் உதவி இல்லாமல், 28 நாள் முந்தைய ஒரு இரவுக் காட்சியைப் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். வெவ்வேறு கட்டடத்தின் ஐந்து கேமராக்களில். நேரம் ஒத்துப்போகிறதா என்று ஒரே ஆள் நடந்துபோகும் காட்சியை இரண்டு கேமராவில் ஒப்பிடுங்கள். ஓடும் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவுங்கள். பதிவு தொடர்கிறதா, யாருக்காவது எச்சரிக்கை மின்னஞ்சல் போனதா, மாற்று டிஸ்க் அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டடத்தின் ஃபைபரை அரை மணி நேரம் பிடுங்கி வைத்துவிட்டு, பிறகு அந்த அரை மணி நேரக் காட்சியைக் கேளுங்கள். மின்சாரத்தை நிறுத்தி யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள், இரவில், அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது. வெளிச்சுவர்க் கேமரா ஒன்றின் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அந்த லேப்டாப்புக்கு நெட்வொர்க் கிடைத்தால் போர்ட் பூட்டு வேலை பாக்கி இருக்கிறது, பணத்தை விடாதீர்கள்.

கேமராவின் பாஸ்வேர்டுகள், லைசென்ஸ் சாவிகள், ஸ்விட்ச் உள்ளமைவுக் கோப்புகள், எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என்ற வரைபடம் ஆகியவை உங்கள் கைக்கு வந்த பிறகே வெண்டரின் அட்மின் கணக்கை மூடுங்கள். பராமரிப்புக்கு அவருக்குத் தனிப் பெயரில், தேவையான நாளில் மட்டும் திறக்கும் கணக்கு போதும்.